தராசு முள் அசையாத நாள்கள்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என் லாத்தாவின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அன்று நெய்ச்சோறும் தாளிச்சாவும் பரிமாறப்பட்டன. லாத்தா மட்டும் வெள்ளரித் துண்டுகளை எதிரே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

அவருக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர். முழங்கால் வலியும் உண்டு. எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் கூறியதன்பேரில் ஐந்து மாதங்களுக்கு முன்னர் உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கினார். அப்போது அவர் எடை 82 கிலோ. மூன்று மாதங்களில் அது 77 ஆயிற்று. வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. அதன்பின் இரண்டு மாதங்களாக முள் 77ஐ விட்டு நகரவேயில்லை.

“தம்பி, ராத்திரிச் சாப்பாட்டை விட்டு மூணு நாளாச்சு. அப்பவும் குறையலே. நான் ஒளிச்சு வச்சுத் தின்கிறதா வீட்டிலே நெனைக்கிறாங்க” என்றார். சற்று நிறுத்தி, “நீயும் அப்படித்தானே நெனைக்கிறே?” என்றும் கேட்டார்.

உண்மையைச் சொல்வதானால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறரைப் பற்றித் தவறாக எண்ணுதல் கூடாதென்று மதரஸாவில் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகின்ற நான், உடன்பிறந்தவரைப் பற்றி அவ்வாறு எண்ணியது எனக்கே நாணமாக இருந்தது. அன்று விடியற்காலையில் கைகால் நடுங்கி, உடலெல்லாம் வியர்த்துக்கொட்டியதாகவும் அவர் சொன்னார். சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உட்கொண்டுவிட்டு உணவைத் தவிர்த்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த நடுக்கமும் வியர்வையும் அதன் அடையாளமே. அன்று மாலையே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரையின் அளவு மாற்றப்பட்டது. இரவு உணவை விடவே கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறினார். இரவு உணவைத் துறந்து இளைக்க முயலும் சர்க்கரை நோயாளிகள் நம் இல்லங்களில் எத்தனை பேரோ!

நான் கலைப் பாடம் பயின்றவன், மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும் முள் ஏன் நின்றது என்பதை அறிய வேண்டுமென்ற ஆவலில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதல் சில வாரங்களில் விரைவாகக் குறைவதில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீரே. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதியை ஈரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்னும் பெயரில் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்தே தங்குகிறது. உணவு குறைந்ததும் அச்சேமிப்புக் கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. முதல் மாதத்தில் மூன்று கிலோ குறைந்ததே, அதே வேகம் ஏன் நீடிக்கவில்லை என்று கேட்பது, விருந்து நாளின் கூட்டம் மறுநாள் எங்கே போயிற்று என்று கேட்பது போன்றதுதான்.

அடுத்து, உடல் சிறுத்தால் அதன் தேவையும் சிறுக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944-45ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கேற்றனர். அவர்களுக்கு 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதியே வழங்கப்பட்டது. எடை முதலில் விரைந்து இறங்கிற்று, பிறகு மெதுவாயிற்று, இறுதி வாரங்களில் கோடு ஏறத்தாழச் சமதரையாகப் படுத்துவிட்டது. உடல் எடையில் கால்பங்கை இழந்திருந்த அவர்கள், ஓய்வு நிலையில் செலவிட்ட சக்தியும் சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. நாடித் துடிப்பு மந்தமாயிற்று. பகலெல்லாம் உணவைப் பற்றியே பேசினர்; சமையல் நூல்களை எடுத்து வைத்துப் படித்தனர். மனவுறுதி இல்லாதவர்கள் என்று அவர்களை எவரும் கூற முடியாது. உடல் பஞ்சம் வந்துவிட்டதாகக் கருதித் தன் கதவுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டது, அவ்வளவே.

நம் வீட்டுக் கட்டுப்பாட்டில் இவ்வளவு கடுமை இல்லை. இங்கே பெரும்பங்கு வகிப்பது பசி. அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2016இல் கணக்கிட்டபடி, ஒரு கிலோ எடை குறைந்தால் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரியே குறைகிறது. பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஐந்து கிலோ இழந்த லாத்தாவுக்கு அன்றாடம் 500 கலோரிக்கான கூடுதல் பசி! ஒரு வேளை உணவுக்கு நிகரான அந்தப் பசியோடு அவர் நாள்தோறும் போராடிக்கொண்டிருக்க, நாம் அவர் அலமாரியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

எனினும் உண்பது நம்மையறியாமலே கூடிவிடுவதும் உண்மை. எவ்வளவு குறைத்து உண்டாலும் இளைக்கவில்லை என்று முறையிட்ட சிலரை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டனர். தாம் உண்டதாக அவர்கள் எழுதிய கணக்கு, மெய்யாக உண்டதில் ஏறத்தாழப் பாதியே. அவர்கள் பொய்யர்களல்லர். மனிதக் கணக்கு அத்தகையது. லாத்தாவும் நானும் அமர்ந்து ஒரு நாளைய கணக்கை எழுதிப் பார்த்தோம். நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை: சுமார் 130 கலோரி. தாளிப்பில் கை தாராளமாகி ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் இன்னும் 120. பேரப்பிள்ளை மிச்சம் வைத்த சோறு, வீணாக்கக் கூடாதென்று வாயில் போட்டது. இந்தக் கடைசி வகையைத் தாய்மார்கள் எவரும் உணவாகவே எண்ணுவதில்லை!

எதிர்பார்ப்பையும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கிலோவுக்கு 7,700 கலோரி என்ற பழைய கணக்கின்படி அன்றாடம் 300 கலோரி குறைத்தால் ஓராண்டில் 14 கிலோ குறையவேண்டும். மேற்சொன்ன கெவின் ஹால் முதலியோர் 2011இல் வெளியிட்ட கணக்கின்படி, அதே குறைப்பால் இறுதியில் குறைவது 12 கிலோ அளவே. அதிலும் பாதிதான் முதலாண்டில். எஞ்சியதில் பெரும்பகுதி வந்து சேர மூன்றாண்டுகள் ஆகும். முதல் ஆண்டில் ஆறு கிலோ குறைந்தவர், 14 வரவில்லையே என்று தம்மை நொந்துகொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

ரமளான் மாதத்தில் குறையும் ஓரிரு கிலோவும் இத்தகையதே. பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் அது பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. நோன்பை இளைப்பதற்கான வழியாகக் கருதி ஏமாற்றமடைவோருக்காக இதைக் கூறுகிறேன். நோன்பின் நோக்கம் வேறு.

குறைந்த ஐந்து கிலோவால் என்ன பயன் என்று லாத்தா கேட்டார். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலின்மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. அப்படியானால் அவருக்கு அடிக்கு 20 கிலோ! மாடிப்படி ஏறும்போது முன்போல் வலிக்கிறதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “இல்லே” என்றார். இதை அவரே கவனித்திருக்கவில்லை.

அவருடைய மூத்த மகன் சர்க்கரை நோயின் எல்லையில் நிற்பவர். அவருக்கும் ஒரு செய்தி இருந்தது. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், அதே நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நடையும் உணவுத் திருத்தமும் மேற்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு என்னவெனில், அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! முள் அசையாதபோதும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருந்தது.

இப்போது லாத்தா வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எடை பார்க்கிறார். உப்பும் மலச்சிக்கலுமே ஒரு கிலோவை ஏற்றி இறக்கும் என்பதால் நாள்தோறும் பார்ப்பதை நிறுத்திவிட்டார். தேநீரில் சர்க்கரை இல்லை. அஸருக்குப் பின் மருமகளும் அவரும் அரைமணி நேரம் நடக்கின்றனர். சந்தேகித்தவர் துணையானார், அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற வெள்ளியன்று மீண்டும் போயிருந்தேன். எடை எவ்வளவு என்று கேட்கவில்லை. உள்ளேயிருந்து, “தையல் அளவுநாடாவை எங்கேம்மா வச்சே? இடுப்பை அளக்கணும்” என்று மருமகளிடம் லாத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.