காப்புரிமை பெற்ற மோதிரம்

“இது காப்புரிமை பெற்ற ஸ்மார்ட் மோதிரம், நம்பலாம் அல்லவா, டாக்டர்?” எனப் பலர் எங்களிடம் வினவுகின்றனர். காப்புரிமை அலுவலகம் ஆராய்வது வேறு. கருவி புதியதா, அத்துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படத்தக்கதா என்பவையே அதன் கேள்விகள். மோதிரம் காட்டும் எண் உங்கள் உடலுக்குச் சரிதானா என்று அது சோதிப்பதில்லை.

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மூன்றாம் பிரிவில், நோயறியும் முறைகளுக்கு உரிமை மறுக்கிறது, கருவிக்குத் தடையில்லை. அது நன்றே என்போம். நோயைக் கண்டறியும் வழி ஒருவரின் உடைமையானால் மருத்துவர் கை கட்டப்பட்டுவிடும்.

ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையை அளப்பதாக விளம்பரம் செய்யும் மோதிரங்களே எங்களுக்குப் பெருங்கவலை. அத்தகைய மோதிரம், கைக்கடிகாரம் எதற்கும் அனுமதி வழங்கவில்லை என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து, சில மணி நேரத்திலேயே நினைவிழக்க நேரலாம், உயிருக்கும் ஆபத்து.

உறக்கம், நாடித்துடிப்பு பற்றிய மோதிரக் குறிப்புகள் இருந்தால் கொண்டு வாருங்கள், பார்க்கிறோம். இன்சுலின் அளவை முடிவு செய்ய மட்டும், விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள்.