நூடில்ஸ் மிஞ்சியது, மொழி மிஞ்சவில்லை

'தமிழ் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த மொழி, அதற்கு அழிவே இல்லை' என்று மேடைதோறும் முழங்குகிறவர்களை நாம் ஒரு தடவை சேர்பினுக்குப் போய்வரச் சொல்கிறோம். அதிக தூரமில்லை. இந்த ஃபிரிஸ்கோவிலிருந்து தெற்கே காரில் நாலு மணித்தியாலம். கிடிங்ஸ் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில். ஒரு தேவாலயம், ஓர் இடுகாடு, ஓர் அருங்காட்சியகம், சுற்றிலும் மேய்ச்சல் நிலம். 'மரபு' பற்றி எம்மவர் கட்டி வைத்திருக்கும் கதைகள் பலவற்றுக்கு மறுமொழி அங்கேதான் கிடக்கிறது.

யார் இந்தச் சேர்பின்காரர்? ஜேர்மனியின் கிழக்கு மூலையில், போலந்து எல்லையோரமாக, லவுசிற்ஸ் என்றொரு பிரதேசம் உண்டு. சோர்பியர் என்ற சிறிய ஸ்லாவிய இனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஜேர்மனியருக்கு நடுவில் வாழ்கிறது. ஜேர்மனியர் அவர்களை 'வெண்டியர்' என்றனர். 1854ல் யான் கிலியான் என்ற லூதரன் பாதிரியாரின் தலைமையில் 500க்கு மேற்பட்ட சோர்பியர் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். லூதரன் சபையையும் கல்வினிய சபையையும் பிரஷ்ய அரசு ஒன்றாக்கியதை அவர்கள் ஏற்கவில்லை என்பது ஒரு காரணம். வறுமையும் நிலமின்மையும் இன்னொரு காரணம். (எம்மைப் 'பொருளாதார அகதிகள்' என்று பகிடி பண்ணுகிறவர்கள் கவனிக்க: விசுவாசத்துக்காக ஓடி வந்தவனுக்கும் வயிறு இருந்தது.) லிவர்பூலில் பென் நெவிஸ் என்ற கப்பலில் ஏறினர். கப்பலில் கொலரா பரவியது. அயர்லாந்துக் கரையில் தரித்து நிற்கவேண்டி வந்தது. 70க்கு மேற்பட்டோர் வழியிலேயே செத்துப் போயினர். டிசம்பரில் கால்வெஸ்ரன் துறைமுகத்தில் இறங்கியவர்கள் உள்நாட்டுக்குப் போய், 4000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வாங்கி ஊர் அமைத்தனர்.

எங்களிடம் இல்லாதவையெல்லாம் அவர்களிடம் இருந்தன. ஒரே பிரதேசத்துச் சனம், ஒரே இடத்தில் சொந்த நிலம், சொந்தக் கோயில், சொந்தப் பள்ளிக்கூடம். கிலியான் வெறும் பாதிரியார் அல்லர், தாய்மொழியில் பாட்டு எழுதிய கவிஞர், மொழிபெயர்ப்பாளர். அப்படியிருந்தும் சோர்பியம் அந்த ஊரின் பொதுமொழியாக மூன்று தலைமுறையைத் தாண்டவில்லை.

அதைக் கொன்றது ஆங்கிலம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். சேர்பினில் சோர்பியத்தை முதலில் விழுங்கியது ஜேர்மன்! எந்த மொழியின் நெருக்குதலையும் பின்னால் விட்டுவிட்டு வந்தார்களோ, அதே மொழி. சுற்றியிருந்த குடியேறிகள் ஜேர்மனியர், கொடுக்கல் வாங்கலும் கலியாணமும் அவர்களோடு, சேர்ந்துகொண்ட திருச்சபை அமைப்பும் ஜேர்மன் மொழியில் இயங்கியது. 1870ல் வழிபாட்டு மொழி பற்றிய பூசலில் சபையே இரண்டாக உடைந்தது. 1871ல் கல்லால் தேவாலயம் எழுப்பினார்கள். அதே 1871ல் ரெயில் பாதை சேர்பினை விட்டுவிட்டுக் கிடிங்ஸ் வழியாகப் போனது. வியாபாரம் ரெயிலோடு போனது, இளசுகள் வியாபாரத்தோடு போயினர். 1899ல் கிடிங்ஸில் சோர்பியர் தொடங்கிய பத்திரிகைகூட பெரும்பாலும் ஜேர்மனில்தான் வந்தது. சோர்பிய எழுத்து அதில் இடைக்கிடை தலைகாட்டியது, அவ்வளவே. 1918ல் ரெக்சாஸ் அரசு ஆங்கிலம் தவிர்ந்த மொழியில் பள்ளிக்கூடத்தில் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. அந்த அடி விழுந்தது ஜேர்மன்மேல். சோர்பியம் அதற்கு முன்னமே படுக்கையில் விழுந்துவிட்டது. 1920களின் தொடக்கத்தோடு தேவாலயத்திலும் சோர்பியப் பிரசங்கம் ஓய்ந்தது.

யாரும் துவக்கு நீட்டவில்லை. 'பிள்ளை முன்னுக்கு வரவேணும்' என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியே, நியாயமாகத்தான் முடிவெடுத்தது. அந்த நியாயமான முடிவுகளின் கூட்டுத்தொகைதான் அங்கேயுள்ள அருங்காட்சியகம்.

இனி, 'மரபு' எப்போது வந்தது என்று பாருங்கள். 1970களின் தொடக்கத்தில்! கோயிலில் மொழி ஓய்ந்து அரை நூற்றாண்டு கழிந்த பிறகு மரபுச் சங்கம் அமைத்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு செப்டெம்பரிலும் விழா நடக்கிறது. மெழுகால் கோலமிட்ட ஈஸ்டர் முட்டை உண்டு. மணப்பெண் கறுப்பு உடுப்பு அணிந்த கதை உண்டு. வெண்டிய நூடில்ஸ் உண்டு, அதைப் பொதிசெய்து விற்கிறார்கள். அந்த மனிதர்களை நாம் பழிக்கவில்லை. மிஞ்சியதைப் பத்திரப்படுத்துகிறார்கள், நல்ல காரியம். ஆனால் அது மொழிக்கு எடுக்கும் ஆட்டைத் திவசம் என்பதை அவர்களே அறிவார்கள். எம்மவரோ உயிரோடிருக்கும் மொழிக்கு இப்போதே திவசச் சமையல் தொடங்கிவிட்டு அதற்குப் 'பண்பாட்டு விழா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களின் கோபம் அதில்தான்.

ஃபிரிஸ்கோவும் ஒரு ரெயில் கம்பனியின் பெயரால் முளைத்த ஊர்தான். 2000ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே 33,000 சொச்சம் பேர். 2020ல் 2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பெருக்கத்தில் தமிழரும் கணிசம். பொங்கலுக்கு மண்டபம் நிறைகிறது, பட்டுச்சேலை மின்னுகிறது, ஐந்து வயதுப் பிள்ளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கிய திருக்குறளை ஒப்புவிக்கிறது, கைதட்டல் வானைப் பிளக்கிறது. பிறகு அந்தப் பிள்ளை தாயிடம் தண்ணீர் கேட்பது ஆங்கிலத்தில். சங்கக் கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பது ஆங்கிலத்தில். கணக்கில் பிழை பிடித்துச் சண்டை போடுவதுகூட ஆங்கிலத்தில்! காசுக் கணக்குக்கும் சண்டைக்கும் தேவைப்படாத மொழி மேடைக்கு மட்டும் எத்தனை நாள் தேவைப்படும்?

'இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படியே கிட்டத்தட்ட 6.9 கோடி பேர் தமிழ் பேசுகிறார்கள், இதென்ன ஒப்பீடு' என்பார்கள். சேர்பின்காரருக்கும் ஊரிலே பேசுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். இன்றும் சுமார் 60,000 சோர்பியர் அங்கே உண்டு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தொகை. லவுசிற்ஸில் மொழி இருந்தது சேர்பினைக் காப்பாற்றியதா? சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ் வாழ்வது, ஃபிரிஸ்கோவில் பிறக்கும் பிள்ளையின் நாக்குக்கு எந்த உத்தரவாதமும் தராது.

லவுசிற்ஸில் எஞ்சியவர்கள் சும்மா இருந்து மொழியைக் காக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கம் அவர்களின் பிரதேசத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களைத் தின்றிருக்கிறது. ஹோர்னோ என்ற ஊரவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 2000ல் தோற்றுத் திரும்பினர். குறொஸ்ற்விற்ஸ் என்றொரு சிறிய இருமொழிக் கிராமம். 2001ல், பிள்ளைகளின் தொகை போதாது என்று அங்குள்ள சோர்பியப் பாடசாலையின் ஐந்தாம் வகுப்புக்கு அரசு அனுமதி மறுத்தது. இருந்த பிள்ளைகள் 17 பேர். பெற்றோர் அரசு சொன்ன பாடசாலைக்கு அனுப்ப மறுத்து, வாரக்கணக்கில் தாங்களே வகுப்பு நடத்தினார்கள். கடைசியில் தோற்றார்கள்தான். ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1998ல், கொட்புஸ் நகர்ப்புறத்தில், பிரித்தானிப் பிரதேசத்துப் பிரெத்தோன் பாடசாலைகளைப் பார்த்து, முழுநாளும் சோர்பியத்திலேயே பேசும் பாலர் பாடசாலை தொடங்கியிருந்தார்கள். மொழி அன்றாடம் பிள்ளைக்குத் தேவைப்பட வேண்டும் என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். 17 பிள்ளைகளுக்காக ஒரு கிராமம் எழும்பியது. இங்கே ஆயிரம் பேர் கூடும் விழாவில் 17 பேரை எழுப்ப முடியுமா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மரபு மரபு என்று கட்டி வரும் பொதிக்குள் என்ன இருக்கிறது? சேர்பின் தேவாலயத்தில் ஆண்கள் மேலே மாடத்தில், பெண்களும் பிள்ளைகளும் கீழே. அது இன்று பார்வையாளருக்கு ஒரு வேடிக்கை. எமது பொதியிலோ சாதி இன்னும் காட்சிப்பொருள் ஆகவில்லை. கலியாணப் பேச்சில் உயிரோடு நடமாடுகிறது. மொழியை வாசலில் விட்டுவிட்டுச் சாதியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகிறவர்கள் எந்த மரபைக் காக்கிறார்கள்?

ஃபிரிஸ்கோவில் தமிழ் உண்மையாகவே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. குசினி! 'சட்டி சுடுது, தள்ளு' என்பதை யோசிக்காமல் சொல்வது தமிழில்தான். சம்பளப் பாக்கி, அகதி வழக்கின் தவணை, ஊரிலே தாயின் வருத்தம் எல்லாம் கோப்பை கழுவும் தொட்டியடியில் தமிழில் ஓடுகின்றன. ஆனால் முன்னுக்கு வாடிக்கையாளர் கையில் உள்ள மெனு அட்டையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. தமிழ் வகுப்போ சனி ஞாயிறில்; மதியப் பஃபேக்கு நாங்கள் மூச்சுவிட நேரமில்லாத அதே நாட்களில். ஆகவே தமிழ் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை, வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் இல்லை. இதைத் தற்செயல் என்று சொல்ல நாம் தயாராயில்லை. யாருடைய வசதிக்கு மணி பார்த்தார்கள் என்பது வெளிச்சம்.

ஆகவே எமது கோரிக்கை நீளமானது அல்ல. சங்கத்தின் கணக்கையும் கூட்டக்குறிப்பையும் தமிழில் எழுதுங்கள். சண்டையையும் தமிழில் பிடியுங்கள். மெனு அட்டையில் தோசையைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். தொழிலாளர் உரிமை பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் அச்சடியுங்கள். அடுத்த விழாச் செலவில் பாதியை வெட்டி, சாப்பாட்டுக்கடைகள் ஓய்ந்திருக்கும் திங்கட்கிழமை மாலையில் ஒரு வகுப்பு வையுங்கள். படிப்பிக்க ஆளில்லை என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். எங்களில் இரண்டு மூன்று பேர் வருவோம். பல்கலைக்கழகப் படிப்புத்தான் எங்களுக்குப் பாதியில் நின்றது, அரிச்சுவடி அல்ல.