கடல் தாண்டும் தட்டான்

ஐப்பசியில் மழை விட்ட நேரம், மைதானத்தின் மேலும் மொட்டைமாடியின் மேலும் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றும். மலையாளத்தில் இதற்குத் துலாத்தும்பி என்று பெயர். நமக்கு ஐப்பசி, அவர்களுக்குத் துலாம். அறிவியல் பெயர் பாண்டலா ஃபிளாவெசென்ஸ்.

உடல் நீளம் சுமார் 4.5 செ.மீ. பொன்மஞ்சள் உடம்பு, செம்பழுப்புக் கண்கள். பின்னிறக்கைகள் அடியில் நல்ல அகலம். அதனால் அதிகம் இறக்கை அடிக்காமலே காற்றில் மிதந்து நெடுநேரம் பறக்கும். ஓய்வெடுக்கும்போது குச்சியைப் பற்றிச் செங்குத்தாகத் தொங்கும்.

முட்டையிட இது பெரும்பாலும் தேடுவது புதிதாகத் தேங்கிய மழைநீரை. அங்கே குஞ்சுகளைத் தின்ன மீன் இருக்காது. ஆனால், தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். அதனால் குஞ்சுகள் கொசுப்புழு போன்றவற்றைத் தின்று வேகமாக வளர்கின்றன. சுமார் ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் புல்தண்டில் ஏறி, தோலை உரித்துத் தட்டானாகிப் பறந்துவிடும். வேறு பல தட்டான் இனங்களுக்கு இதற்கே ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும்.

இவை எங்கே போகின்றன? மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சனுக்கு ஒரு சந்தேகம். நன்னீரே அரிதான அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் ஏன் இத்தனை தட்டான்கள் வருகின்றன? ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்து, 2009-ல் விடையை வெளியிட்டார். இந்தியாவிலிருந்து கிளம்பும் தட்டான்கள் பருவக்காற்றைப் பிடித்து, கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. மாலத்தீவு வெறும் வழித்தங்கல்.

போகவர 14,000 முதல் 18,000 கி.மீ. வரை இருக்கலாம் என்பது அவர் கணக்கு. இதை ஒரே தட்டான் முடிப்பதில்லை. மழை பெய்யும் இடத்தில் முட்டையிட்டு, ஏறக்குறைய நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன. கிளம்பியது திரும்பாது, அதன் கொள்ளுப்பேரன்தான் திரும்பும்.

இத்தனை பெரிய பயணம் சின்னச் சின்னக் குட்டைகளை நம்பி நடக்கிறது. பளபளக்கும் கார் கூரையைத் தண்ணீர் என்று நம்பி அதில் முட்டையிட்டு ஏமாறுவதும் உண்டு. வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரை அகற்றத்தான் வேண்டும். ஆனால், ஊருக்கு வெளியே மழைக்கு நிரம்பும் குட்டையில் குப்பை கொட்டாமல் இருக்கலாம்.

பிள்ளைகள் தட்டான் வாலில் நூல் கட்டினால், அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அது தாண்ட வேண்டிய கடல் இன்னும் பாக்கி இருக்கலாம்.