எரிமலை ரோட்டில் ரெண்டு சக்கரம்

நம்மூரில் ரோட்டைத் தோண்டுவது யார் என்று உங்களுக்கே தெரியும். குடிநீர்க்காரர்கள், கரண்ட்காரர்கள், கேபிள்காரர்கள். புது ரோடு போட்ட மறுநாள் மட்டும் மூன்று பேரும் ஒற்றுமையாக வருவார்கள். ரீயூனியன் தீவில் இந்த வேலையை எரிமலையே பார்த்துக்கொள்கிறது. டெண்டர் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. வந்தால் ஒரு கிலோமீட்டர் ரோடு மொத்தமாகக் காலி!

அந்த ரோட்டில் சைக்கிள் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. விட்டேன்.

ரீயூனியன் எங்கே இருக்கிறது? இந்துமகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்கு அடுத்த வீடு. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டமே இது. அதனால் டீ குடித்தாலும் யூரோ. ரோட்டில் வலதுபக்கம் போக வேண்டும். முதல் அரைமணி நேரம் ஒவ்வொரு ரவுண்டானாவிலும் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

வாடகை சைக்கிளில் முன்னால் ரெண்டு பல்சக்கரம், பின்னால் பதினொன்று. முன்னால் சின்னதற்கு 34 பல், பின்னால் பெரியதற்கும் 34 பல். இந்த ஜோடியைப் போட்டால் பெடல் ஒரு சுற்று, டயர் ஒரு சுற்று, நீங்கள் முன்னேறுவது ரெண்டு மீட்டர் சொச்சம். "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் ஏறும்போது அந்த ரெண்டு மீட்டருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றும்.

தெற்கே சேன் பியேர் ஊரில் கிளம்பி, கடலோரமாகக் கிழக்கே போய், சேன் பெனுவாவில் ராத்தங்கி, மறுநாள் தீவின் நடு முதுகில் ஏறித் திரும்புவது என்று பிளான். மே முதல் நவம்பர் வரை போவது உத்தமம். ஜனவரியில் போனால் புயலும் கூடவே டபுள்ஸ் ஏறிக்கொள்ளும். 1966 ஜனவரியில் இங்கே எரிமலைச் சரிவில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலக ரெக்கார்டு! சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 1,400தான். தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் முட்டுகிறது. அதனால் கிழக்குப்பக்கம் மழைக்காடு. மேற்குப்பக்கம் பாவம், காய்ந்து கிடக்கிறது.

சேன் ஃபிலிப் பக்கத்தில் மார் லோங் காடு. மரத்தின் மேல் மரம், அதன் மேல் பெரணி, அதன் மேல் ஆர்க்கிட். நம்மூர் டவுன் பஸ் மாதிரி ஒருத்தர் மேல் ஒருத்தர் தொற்றிக்கொண்டு நிற்கிறார்கள். இந்தக் காடு நிற்பதே பழைய லாவா மேல்தான். சில நூறு வருஷம் முன்னால் நெருப்பாக ஓடிவந்த குழம்பு அது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை மிதியுங்கள்.

திடீரென்று காடு நின்றுவிடுகிறது. எதிரே கரேல் என்று ஒரு பாறைவெளி. வலதுபக்கம் கடல், இடதுபக்கம் பிட்டோன் த லா ஃபுர்னேஸ் எரிமலை. பெயருக்கு அர்த்தம் உலைச் சிகரம். உயரம் 2,632 மீட்டர். இதன் வாய் இருக்கும் பள்ளம் குதிரை லாட வடிவத்தில் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. பெரும்பாலும் லாவா இந்தப் பள்ளத்துக்குள்ளேயே வெளிவரும். நிறைய வந்தால் சரிவில் இறங்கிக் கடலுக்குப் போகும். நடுவில் குறுக்கே நம்ம ரோடு. கிரான் ப்ரூலே என்று இந்த இடத்துக்குப் பெயர். 'பெரிய எரிந்த காடு' என்று வைத்துக்கொள்ளலாம்.

ரோட்டோரம் போர்டுகள். ஊர்ப்பெயர் இல்லை சார், வருஷம்! எந்த லாவா எந்த வருஷம் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2007 ஏப்ரலில் வந்ததுதான் பிரமாண்டம். ரோட்டை ஒரு கிலோமீட்டருக்கு மேல் விழுங்கிவிட்டுக் கடலுக்குள் போய்ப் புது நிலம் போட்டது. அதே சமயம் மலையுச்சிப் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் சூடு ஆறும்வரை காத்திருக்கவில்லை. லாவா மேலேயே ரோடு போட்டார்கள். பல வருஷம் கழித்தும் மழை பெய்தால் பாறையிலிருந்து ஆவி வந்தது, இட்லிக் குண்டான் மாதிரி.

காரில் போகிறவர்கள் இதை ரெண்டு நிமிஷத்தில் தாண்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு எல்லாம் கறுப்பு. சைக்கிளில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனால் கறுப்பிலே இத்தனை ஜாதியா என்று தெரியும். பாறையில் முதலில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்கிறது. லைக்கன். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து நடத்தும் கூட்டுக்குடித்தனம். அதற்கப்புறம் வெடிப்புகளில் பெரணி. அப்புறம் புதர். அப்புறம் சின்னச் சின்ன மரங்கள். கடைசியில் காலையில் பார்த்தோமே, அந்த மார் லோங் காடு. போர்டில் வருஷத்தைப் படித்து, பக்கத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பூகோள வாத்தியார் ஒரு வருஷம் நடத்தியது ஒரே மேட்டில் விளங்கிவிட்டது.

பள்ளத்தைத் தாண்டி மேடேறினால் பிட்டோன் சேன்த் ரோஸ் கிராமம். 1977 ஏப்ரலில் லாவா தன் வழக்கமான பள்ளத்தை விட்டு வெளியே கிளம்பி இந்த ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. வீடுகள் போயின. சர்ச் வாசலுக்கு வந்து, ரெண்டு பக்கமும் பிரிந்து சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்தக் கறுப்புப் பாறை வாசலை ஒட்டிக் கிடக்கிறது. அதற்கப்புறம்தான் 1979ல் எரிமலையைக் கண்காணிக்க ஒரு ஆராய்ச்சி நிலையமே வந்தது.

பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. 'போன்போன் பிமா' இருந்தது. வாயில் போட்டேன். நம்ம மசால் வடையின் ஒன்றுவிட்ட தம்பி! கடைக்காரப் பெரியவர் என் முகத்தையும் வடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மலபார்?" என்றார். இங்கே தமிழ் வம்சத்தாருக்கு அதுதான் பெயர். 1848ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1882ல் பிரிட்டிஷ் சர்க்கார் நிறுத்தும்வரை இது நடந்தது.

பெரியவருக்குத் தெரிந்த தமிழ் ஐந்தாறு வார்த்தை. சாமி, அம்மா, வணக்கம், அப்புறம் முருங்கை. பேரன் ஸ்கூல் இங்கிலீஷில் மொழிபெயர்த்தான். கல்லாப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் பதிவுச் சீட்டின் நகல். பிரெஞ்சு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஊர்ப் பெயரை எழுதியிருந்தார். 'திரூவலூர்.'

"இது எந்த ஊர்?" என்று பேரன் மூலம் கேட்டார்.

திருவள்ளூரா, திருவாரூரா? ஒரு எழுத்து வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் ஊர் தொங்குகிறது. பெரியவர் மூச்சு விடாமல் என்னையே பார்க்கிறார். "கப்பல் எங்கே ஏறினார்?" என்றேன். காகிதத்தில் காரைக்கால் என்று இருந்தது. காரைக்காலுக்கும் திருவாரூருக்கும் சுமார் 40 கிலோமீட்டர். திருவள்ளூர்க்காரர் அவ்வளவு தூரம் தெற்கே வந்து கப்பல் ஏறியிருக்க நியாயம் குறைவு. "அநேகமாகத் திருவாரூர்" என்றேன்.

ரெண்டு பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன், திருவாரூரை மேலே. அவர் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். வடைக்குக் காசு வாங்கவில்லை. கூட நாலு வடை கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பெல்வ்யூ கணவாய், 1,606 மீட்டர். மூடுபனியில் முன்சக்கரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அந்த நாலு வடையில்தான் ஏறினேன்.

திருவாரூர் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். என்றைக்காவது பிரெஞ்சு பேசுகிற ஒரு முதியவர், கையில் காகிதத்துடன், கமலாலயக் குளக்கரையில் யாரையோ தேடுவதுபோல நின்றால், "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டுவிடாதீர்கள். அவருக்கே தெரியாது. வீட்டுக்குக் கூட்டிப்போய், ரெண்டு மசால் வடை கொடுங்கள்.