பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

பினாங்கில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் வீட்டில் வந்து நிற்கும். "தீவிலேயே பார்ப்போமா, பெருநிலத்துக்குப் போயிடுவோமா?" என்பார் ஒருவர். "பெருநிலம்னா எந்த ஊரு? தினமும் டோல் யார் கட்டுறது?" என்பார் மற்றவர். இந்த வாரம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் இருப்பவர்கள் ஏறக்குறைய 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். செபராங் பிறையில் இருப்பவர்கள் 9 லட்சத்து 46 ஆயிரம் பேர். 2019 செப்டம்பரில் செபராங் பிறைக்கு மாநகர் தகுதியும் கிடைத்துவிட்டது. ஆகவே 'அக்கரை' என்று இன்னமும் அதை ஒதுக்கிப் பேசுவது பழைய பழக்கம்தான்.

டவுனிலிருந்து மக்கள் வெளியேறியதற்கும் காரணம் உண்டு. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகையில் பல குடும்பங்கள் தலைமுறையாக வாழ்ந்தன. வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு நீங்கியதும் வாடகை ஏறியது. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு, குடும்பங்கள் இருந்த வீடுகளில் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

தீவில் நம்மவர் விரும்பும் இடங்கள்

கெளுகோர், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், சுங்கை ஆரா. இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்கள் அங்கே இருக்கும் தமிழ்ப்பள்ளியின் பெயரைச் சொல்வார்கள். கெளுகோரில் சுப்பிரமணிய பாரதி, ஆயர் ஈத்தாமில் ராஜாஜி, பாயான் லெப்பாஸ் பக்கம் சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை பக்கம். 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை என்றால் பாலமே தேவையில்லை.

சிக்கல் விலையில்தான். இங்கே ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெருநிலத்தில் வாசலும் துளசி மாடமும் உள்ள தரை வீடே கிடைக்கக்கூடும். இரண்டு காடி வைத்திருக்கும் வீட்டுக்கு ஓர் இடம்தான் ஒதுக்கியிருப்பார்கள். அப்பா அம்மா கூட இருந்தால் லிஃப்ட் பழுதாகும் நாளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலைத் தாண்டினால்

பட்டர்வொர்த்தும் பிறையும் பயணத்துக்கு வசதியான ஊர்கள். ரயில், பேருந்து, படகு மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றன. டவுனில் வேலை செய்பவர் காடியை இந்தப் பக்கமே விட்டுவிட்டுப் படகில் போகலாம். இப்போதைய படகுகள் காடியை ஏற்றுவதில்லை. ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றும்.

புக்கிட் மெர்தாஜாமின் அழகு அதன் மலையும் சந்தையும். ஜூலை மாதம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு எல்லா இனத்தவரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பக்கத்திலேயே செரோக் தோக்குன் பாறையில் பல்லவ எழுத்தில் ஒரு பழங்கல்வெட்டு இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். குறை என்று சொன்னால் ஜூரு சாலைதான். காலையிலும் மாலையிலும் அங்கே காடிகள் ஊர்ந்துதான் போகும்.

இன்னும் தெற்கே போனால் சிம்பாங் அம்பாட், பத்து காவான். 2014 மார்ச்சில் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறந்ததும் இந்தப் பக்கத்தின் தலையெழுத்தே மாறியது. தொழிற்சாலைகள் வந்தன, 2019-இல் ஐகியா வந்தது, புதிய தாமான்கள் எழும்பின. பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிறவருக்கு இந்தப் பாலம் நேர்வழி. காடிக்கு டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் இரண்டு பாலங்களிலும் டோல் இல்லை.

தெற்குக் கோடியில்

நிபோங் திபால் இன்னமும் சிற்றூர் போலத்தான் இருக்கிறது. கிரியான் ஆற்றங்கரை மரங்களில் மின்மினி பார்க்கவும் கடல் உணவு சாப்பிடவும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இங்கே இருக்கிறது. கொம்யூட்டர் ரயில் பட்டர்வொர்த் வரை போகிறது. ஆயினும் நம்மவருக்கு இந்த ஊரில் இதைவிடப் பெரிய உறவு ஒன்று உண்டு.

ஜாவி, வால்டோர், சங்காட், திரான்ஸ்கிரியான், கலிடோனியா, விக்டோரியா, பைராம். இவை எல்லாம் தோட்டங்களின் பெயர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கரும்பு வெட்டத்தான் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பைராம் என்பதும் இந்த மண்ணின் பெயர் இல்லை. இந்த வட்டாரத் தோட்டங்களை வைத்திருந்த ராம்ஸ்டன் குடும்பம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள பைராம் என்ற இடத்தின் பெயரைத் தன் பட்டத்தோடு சேர்த்து வைத்திருந்தது. அந்த முதலாளி வீட்டுப் பெயர்தான் நம் தாத்தா பாட்டியின் முகவரி ஆனது.

லயத்தை விட்டு வெளியேறுவதே முன்னேற்றம் என்று அவர்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பிள்ளைகள் பிறைக்கும் பாயான் லெப்பாஸுக்கும் போனார்கள். இன்று பேரப்பிள்ளைகள் முப்பது வருடக் கடன் எடுத்துத் தேடும் வீடுகளில் பல இந்தத் தோட்டங்களை ஒட்டிய நிலத்தில்தான் எழும்புகின்றன.

தோட்டத்து ஆட்கள் போனபோது, தோட்டத்துப் பள்ளிகளில் பிள்ளைகளும் குறைந்தார்கள். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல இன்றும் தோட்டப் பெயரோடுதான் நிற்கின்றன, பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அவற்றில் ஒன்று. அந்த வகுப்பறைகளை நிரப்பப் போவது யார்? புதுத் தாமானில் குடியேறும் நீங்கள்தான். வீடு எந்தப் பக்கம் வாங்குகிறோம் என்பது ஒரு பள்ளியின் ஆயுளையும் தொட்டுவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் எல்லாம் நல்லதுதான் என்று சொல்லிவிட முடியாது. பைராம் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு. தீவின் குப்பையும் கடல் தாண்டி இங்கேதான் வருகிறது. 2022 ஜனவரியில் அந்தக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாட்கள் எரிந்தது. புகை பைராம் குடியிருப்பைச் சூழ, குடும்பங்கள் தற்காலிகமாக இடம் மாற வேண்டியிருந்தது. தீவில் மாடிவீட்டில் இருந்துகொண்டு நாம் கட்டிப் போடும் குப்பைப் பையின் விலையை யாரோ ஒருவர் மூச்சில் கட்டுகிறார். வீடு வாங்குகிறவர் மட்டும் அல்ல, குப்பை போடுகிற எல்லாருமே இதை நினைக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

• மாதிரி வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். திங்கட்கிழமை காலை 7 மணிக்கு அங்கிருந்து வேலையிடத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

• கனமழை பெய்த மறுநாள் போய்ச் சாக்கடையைப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் வெள்ளம் வருமா, நாற்றம் அடிக்குமா என்று கேளுங்கள்.

• வீட்டு விலையோடு மாத டோல், பெட்ரோல், பராமரிப்புக் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவு வீடு அவ்வளவு மலிவாக இல்லாமல் போகலாம்.

• நிலம் குத்தகையா, நிரந்தர உரிமையா என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

• பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நேரில் போய்த் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பள்ளி வேன் உங்கள் தாமானுக்குள் வருமா என்று விசாரியுங்கள். பல பெற்றோரை வேறு பள்ளிக்குத் திருப்பிவிடுவது இந்த வேன் விஷயம்தான்.

• அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பாக்காப் மூன்றிலும் அரசு மருத்துவமனை உண்டு.

வேலை டவுனில், பிள்ளை இன்னும் இல்லை என்றால் பட்டர்வொர்த் போதும். தீவிலேயே வேலை, கையில் பணமும் இருக்கிறது என்றால் கெளுகோரை விட வேண்டாம். பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதை நெருங்குகிறது, பெற்றோரும் உங்களோடு என்றால் தெற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். நம் முன்னோர் கூலியாக இறங்கிய அந்த மண்ணில் இன்று நாம் நம் பெயரில் பட்டா வாங்கலாம். வாங்கினால், முதலாம் ஆண்டுப் பதிவையும் அங்கேயே செய்யுங்கள்.