ஒப்பிட வேண்டியது விடையா, வினாவா?

இயற்பியல் தேர்வு முடிந்து மணி அடித்த மறுநொடியே இன்னொரு தேர்வு தொடங்கிவிடுகின்றது. முன்னது கூடத்துள் நடந்தது. பின்னது புளியமரத்தடியிலும் பேருந்து நிற்குமிடத்திலும் நடக்கின்றது. முன்னதற்குக் கண்காணிப்பாளர் உண்டு, பின்னதற்கு இல்லை. முன்னதற்கு மதிப்பெண் உண்டு. பின்னதற்கு அதுவும் இல்லை. எனினும், ஒரு மாணவன் இயற்பியலை அறிந்துளானா என்பதை முன்னதினும் பின்னதே தெளிவாகக் காட்டும். மடித்த வினாத்தாள் கையிலிருக்க, "உனக்கு என்ன வந்தது?" என்று ஒருவன் கேட்கிறான்; "ஈ வந்தது" என்கிறான் மற்றவன். இருவர் விடையும் ஒவ்வாதபோது அங்கு எழும் சொற்போரைத் தமிழ்நாட்டுக் கல்வியாளர் ஒருமுறையேனும் நின்று கேட்டல் வேண்டும்.

கேட்பார்க்கு இரண்டு உண்மைகள் புலப்படும்.

முதலாவது: விடையொப்பீடு இருவகைப்படும். ஒன்று எழுத்தை ஒப்பிடுதல். மற்றொன்று ஏதுவை ஒப்பிடுதல். மேனிலைப் பள்ளி இயற்பியல் வினாத்தாளில் 70 மதிப்பெண்ணுள் 15 மதிப்பெண் ஒற்றை மதிப்பெண் வினாக்களுக்கு உரியவை. அவற்றை, 'முதல் வினாவுக்கு அ, இரண்டாம் வினாவுக்கு ஈ' என்று ஒரு மணித்துளியில் ஒப்பிட்டு முடித்துவிடலாம். எழுத்து ஒத்துவிட்டால் பேச்சுக்கு வேலையில்லை. ஒருவன் அறிந்து எழுதினானா, குருட்டடியாக அடித்தானா என்பதும் தெரியாது. எழுத்து ஒவ்வாத இடத்தில்தான் "எப்படி?" என்னும் வினா பிறக்கின்றது. அந்த "எப்படி" பிறந்த பின்னரே அங்கு இயற்பியலும் பிறக்கின்றது.

எடுத்துக்காட்டாக, செங்குத்தாக மேலெறியப்பட்ட பந்து உச்சியை எட்டும்போது அதன் முடுக்கம் என்ன என்பது வினாவாக இருக்கட்டும். 'சுழி' என்கிறான் ஒருவன். 'நொடிக்கு நொடி 9.8 மீட்டர், கீழ்நோக்கி' என்கிறான் மற்றவன். "உச்சியில் பந்து நின்றுவிடுகிறதே, அப்புறம் முடுக்கம் ஏது?" என்று முன்னவன் மடக்குகிறான். "முடுக்கமும் இல்லையென்றால் பந்து அங்கேயே அல்லவா தொங்கிக் கொண்டிருக்க வேண்டும்? கீழே ஏன் வந்தது?" என்று பின்னவன் கேட்கிறான். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடின், நொடிக்கு 19.6 மீட்டர் விரைவோடு எறிந்த பந்து 2 நொடியில் 19.6 மீட்டர் உயரத்தை எட்டும். அவ்வுச்சியில் அதன் விரைவு சுழி. ஆனால் அதனைக் கீழே இழுக்கும் ஈர்ப்போ ஒரு நொடியும் ஓய்ந்ததில்லை. பாடப்பொத்தகத்தின் வாய்பாட்டை நூறுமுறை உருப்போட்டும் விளங்காதது, மரத்தடியில் ஒரே வினாவில் விளங்கிவிட்டது.

இரண்டாவது உண்மை இதனினும் பெரிது. அந்த மரத்தடி வழக்கு எம்மொழியில் நடந்தது? தமிழில்! தமிழ்வழி பயின்றவர் தமிழில் வழக்கிட்டனர் என்பதில் வியப்பில்லை. ஆங்கிலவழியில் பயின்று, அரைமணி முன்வரை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த மாணவரும், 'எப்படி' என்னும் வினா எழுந்தவுடன் தமிழுக்கே வருகின்றனர். விடையின் எழுத்தை ஆங்கிலத்தில் சொல்பவன், ஏதுவைச் சொல்லத் தொடங்கியதும் தாய்மொழியில் சொல்கின்றான். கலைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் மிதக்கும். அவற்றைக் கோக்கும் கயிறாகிய 'ஆனால்', 'அப்படியென்றால்', 'இல்லாவிட்டால்', 'எனவே' ஆகிய அனைத்தும் தமிழாகவே இருக்கும். அறிவியல் என்பது அக்கயிற்றில் அன்றோ இருக்கின்றது? எண்ணம் நடப்பது எம்மொழியிலோ அம்மொழியே கல்விமொழி. இதனை நிறுவ ஆய்வுக் குழுவும் வேண்டா, அறிக்கையும் வேண்டா. ஒரு தேர்வு நாளின் நண்பகல் போதும்.

அத்துடன், தூய தமிழ்க் கலைச்சொல் அம்மாணவனுக்கு வழித்துணையும் ஆகின்றது. முடுகுதல் விரைதல், முடுக்குதல் விரையச் செய்தல், அதனின்று வந்தது முடுக்கம். பந்தை முடுக்குவது புவியின் ஈர்ப்பு என்று அறிந்தவன், 'முடுக்குவது உச்சியில் விட்டுவிட்டதா?' என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள அச்சொல்லே தூண்டும். உந்துதலினின்று வந்த உந்தமும், மின் ஓடுதலைக் காட்டும் மின்னோட்டமும், அதனைத் தடுப்பதைக் காட்டும் மின்தடையும் அத்தகையனவே. அயற்சொல்லை உருப்போட வேண்டும். தாய்ச்சொல்லோ தானே பொருள் சொல்லும்.

இவ்வாறு தமிழில் எண்ணும் பிள்ளைக்கு, தமிழில் வினாத்தாள் தருவதாகச் சொல்லி நடுவணார் செய்தது என்ன? 'நீட்' எனப்படும் மருத்துவ நுழைவுத்தேர்வை நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2018 மேத் திங்கள் 6-ஆம் நாள் நடத்திற்று. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்குமாக 180 வினாக்கள். ஒரு வினாவுக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. அதன் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் உள்ளன என்று மாநிலங்களவை உறுப்பினராயிருந்த டி. கே. இரங்கராசன் சென்னை உயர்முறை மன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார்.

பிழைகள் எத்தன்மையன? தமிழில் சிவிங்கி என்னும் சொல் இருக்க, அவ்விலங்கின் ஆங்கிலப் பெயரைச் 'சீத்தா' என்று அப்படியே எழுதி வைத்தனர். பயிரின் வகையைக் குறிக்க 'ரகம்' என்று வரவேண்டிய இடத்தில் 'நகம்' என்று அச்சாகியிருந்தது. 'வகை' என்னும் நல்ல தமிழ்ச்சொல்லை எழுதியிருந்தால் அப்பிழைக்கே இடமிராது! அயற்சொல்லைத் தமிழென்று எழுதப் போய், அதனையும் பிழைபட எழுதிய கொடுமை இது. இவை உயிரியல் வினாக்களில் நேர்ந்தவை, இயற்பியலும் தப்பவில்லை. உயிரியலில் சொல் பிறழ்ந்தால் ஒருகால் குறிப்பறிந்து உணரலாம். இயற்பியலில் சொல் பிறழ்ந்தால் கணக்கே பிறழும், எண்ணே மாறும். அந்நாளில் தமிழில் எழுதிய மாணவனும் ஆங்கிலத்தில் எழுதிய மாணவனும் வெளியே வந்து விடைகளை ஒப்பிட்டிருந்தால், அவர்கள் முதலில் ஒப்பிட்டிருக்க வேண்டியது விடையை அன்று, வினாவை!

மதுரைக் கிளை 2018 சூலை 10-இல், பிழையான வினா ஒன்றுக்கு 4 என 49 வினாக்களுக்கும் 196 மதிப்பெண் தமிழில் எழுதியோர்க்கு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தமிழில் எழுதியோர் 24,000-க்கும் மேற்பட்டோர். பத்தே நாளில், சூலை 20-இல், உச்சமுறை மன்றம் அதனை நிறுத்தி வைத்தது. இறுதியில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை.

எதிர்த்துரைப்பார் சொல்வன இரண்டு. 'தமிழ்த் தாளிலேயே ஆங்கில வினாவும் அருகில் அச்சிடப்பட்டுள்ளது. ஐயம் எழுந்தால் ஆங்கிலமே முடிவானது என்று விதிநூலும் சொல்கின்றது' என்பது ஒன்று. 180 வினாவுக்கு 180 மணித்துளி. வினாவொன்றுக்கு ஒரு மணித்துளி. அதற்குள் ஒருவன் ஒரு வினாவைப் படிக்கவும், இன்னொருவன் அதே வினாவை இருமொழியில் படித்து இரண்டையும் ஒத்துப் பார்க்கவும் வேண்டுமெனின், இருவரும் ஓடுவது ஒரே பந்தயமா? மேலும், ஆங்கிலமே முடிவானது என்றால் தமிழில் அச்சிட்டது எதற்கு? ஒப்புக்கு ஊற்றிய சோற்றுநீரைக் குடித்தவன் பசியாறினான் என்று கணக்கெழுதுவதற்கா?

'விடையைப் பாராமல் எல்லார்க்கும் 196 மதிப்பெண் அளித்தால் ஏனைய மொழியார்க்கு இழப்பன்றோ?' என்பது மற்றொன்று. இதில் முறைமை உண்டு, மறுப்பதற்கில்லை. அந்த ஈடு மிகையாக இருக்கலாம். ஆயின், ஈடு மிகை என்பதனால் இழப்பே நேரவில்லை என்று ஆகிவிடுமா? மருந்தின் அளவு கூடிற்று என்று சொன்னவர் நோயை அப்படியே விட்டுச் சென்றதுதான் தமிழ்ப்பிள்ளைகள் கண்ட முறை.

இதனோடு 2024-இல் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அவ்வாண்டின் 'நீட்' தேர்வில் அணுவைப் பற்றி ஓர் இயற்பியல் வினா. 'ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைப்புடையன' என்னும் கூற்று சரியா, தவறா என்பது அதன் ஒரு பகுதி. நடுவணாரின் பழைய பாடப்பொத்தகம் 'ஒவ்வொரு தனிமம்' என்றது. புதிய பொத்தகம் 'பெரும்பாலான தனிமங்கள்' என்று திருத்திக்கொண்டது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலைப்பில்லாதன ஆதலின் திருத்தமே உண்மை. பழைய நூலைப் படித்தோர்க்காக இருவிடைகளையும் தேர்வு முகமை ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்சமுறை மன்றத்துக்குச் சென்றது. சூலை 22-இல் மன்றம் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர் மூவரைக் கொண்டு ஆராயுமாறு பணித்தது. மறுநாளே விடை ஒன்றே என்னும் அறிக்கை வந்தது. முழு மதிப்பெண் பெற்றிருந்த 44 பேர் அவ்வரிசையினின்றும் இறங்கினர்.

ஆங்கிலப் பொத்தகத்தில் ஒரு சொல் மாறியதற்கு வல்லுநர் மூவர் ஒரே நாளில் கூடினர். அது தக்கதே, ஒரு சொல்லுக்கு அத்துணை மதிப்பு அறிவியலில் உண்டு. தமிழ்த்தாளில் 49 வினாக்கள் பிழைபட்டபோது மட்டும், 'ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்' என்பதே விடையாயிற்று. ஒரு சொல் இத்துணைப் பெரிது என்றால், அது தமிழ்ச்சொல்லாக இருக்கும்போது மட்டும் சிறிதாவது எங்ஙனம்?

பிறரைக் கடிந்தால் மட்டும் போதாது; தமிழர் தம் வீட்டையும் கூட்டிப் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளியில் ஒரு பொருளில் அடங்கிய பொருண்மையின் அளவை நிறை என்பர். அதன்மேல் புவியீர்ப்பு விசையின் அளவை எடை என்பர். ஈழத்துப் பள்ளியிலோ முன்னதைத் திணிவு என்றும், பின்னதை நிறை என்றும் சொல்வர். மதுரை மாணவனும் யாழ்ப்பாண மாணவனும் விடைகளை ஒப்பிட்டால், ஒரே பொருளின் 'நிறை' மதுரையில் 10 கிலோகிராமாகவும் யாழ்ப்பாணத்தில் 98 நியூட்டனாகவும் இருக்கும். இருவரும் சரியே எழுதினர். இருவரும் தமிழிலேயே எழுதினர். எனினும் ஒருவர் விடை மற்றவர்க்குத் தவறு! ஈழத்து மாணவர் பள்ளி இறுதியாகிய உயர்தரத் தேர்வில் இயற்பியலைத் தமிழிலேயே எழுதி மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செல்கின்றனர் என்பது தமிழின் ஆற்றலுக்குச் சான்று. அச்சான்றைப் பகிர்ந்துகொள்ள இயலாதபடி கலைச்சொல்லில் பிளவுபட்டுக் கிடத்தல் தமிழர் குற்றமேயன்றிப் பிறர் குற்றம் அன்று.

ஆதலின் செய்யத் தக்கன இவை. தமிழ் வினாத்தாளை ஆங்கிலத்தினின்று அவசரமாகப் பெயர்க்காமல், இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியரும் தமிழறிஞரும் உடனிருந்து எழுதுதல் வேண்டும். இரண்டு மொழியிலும் வினா வேறுபடின், மாணவன் எம்மொழித் தாளை விரும்பிப் பெற்றானோ அம்மொழி வினாவை அளவாகக் கொண்டு திருத்துதல் வேண்டும். தமிழ்நாடும் ஈழமும் ஒருங்கமர்ந்து, குறைந்த அளவு பள்ளிப் பாடத்துக்கேனும் ஒரே கலைச்சொல் தொகுதியை ஆக்குதல் வேண்டும். தமிழ்வழி வகுப்பில் தமிழாசிரியர் ஒருவரே தமிழ் பேச, ஏனையோர் பாதி ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் வழக்கம் ஒழிதல் வேண்டும். தேர்வுக்கு மறுநாள் ஒரு பாடவேளையை விடையின் ஏதுக்களை மாணவரே வழக்கிட்டுத் தெளிவதற்கென ஒதுக்குதல் வேண்டும். இதற்கு ஆணையும் வேண்டா, செலவும் இல்லை. ஆசிரியர்க்கு உள்ளம் இருந்தால் போதும்.

இவற்றுள் எதுவும் சலுகை அன்று. பந்து உச்சியை எட்டியபோதும் ஈர்ப்பு அதனை விடுவதில்லை என்று தன் மொழியில் எண்ணித் தெளிந்த பிள்ளை, அத்தெளிவைத் தன் மொழியிலேயே எழுதி, அதற்குரிய மதிப்பெண்ணைப் பெறுதல் அதன் பிறப்புரிமை. அவ்வுரிமைக்கு இடையே நிற்பது தமிழின் இயலாமை அன்று. தமிழ்ப்பிள்ளை படிக்கும் வினாவைப் பிழையின்றி எழுதித் தரும் பொறுப்பை எவரும் ஏற்காமைதான். அப்பொறுப்பைக் கேட்டுப் பெறும் வரை தமிழர் ஓய்தல் ஆகாது.