பட்டன் அமத்திறதுக்குப் பேர் என்ஜினியரிங் இல்ல

‘மூண்டு மாதத்தில கிளவுட் என்ஜினியர்’ எண்டு விக்கிற கோர்ஸ்களுக்கு எங்கட பிள்ளைகள் வரிசையில நிக்கிறாங்க. அங்கே சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் எந்தப் பட்டனை எங்கே அமத்துவது என்பதைத்தான். பட்டன் இடம் மாறினால் திரும்பக் காசு, திரும்பச் சான்றிதழ். இதைத் தொழில் என்று நாங்கள் ஏற்க மாட்டோம்.

உயர்திறன் கணிமை என்பது பெரிய கணக்கொன்றைத் துண்டுகளாக்கி, ஆயிரக்கணக்கான புரொசசர்களில் ஒரே நேரத்தில் செய்விப்பது. முன்பு அதற்கான மெஷின் பெரிய ஆய்வுகூடங்களின் சுவருக்குள் இருந்தது. இன்றைக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. 2023 நவம்பரில் உலகின் 500 சுப்பர் கொம்பியூட்டர்களின் பட்டியலில் 3ஆம் இடம் பிடித்த ‘ஈகிள்’, மைக்ரோசொப்டின் அசூர் கிளவுடில் உள்ள மெஷின்தான். ஆகவே மட்டக்களப்பில் மெஷின் இல்லை என்ற சாட்டு இனி எடுபடாது.

கணக்கு எங்கே? வாசலிலேயே கிடக்கிறது. மாரி வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று இழுபறி. படுவான்கரையில் வயல் தாண்டவருக்கு இண்டைக்கே வெட்ட வேணும். வாவியில் இறால் பிடிப்பவருக்கு, தண்ணியோட அதுவும் கடலுக்குப் போயிருமே எண்ட பயம். வெட்டினால் எத்தனை மணித்தியாலத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்? இது கணக்கிடக்கூடிய கேள்வி. சுமார் 140 சதுர கிலோமீற்றர் வாவியைப் பத்து மீற்றர் கட்டங்களாகப் பிரித்தால் 14 இலட்சம் கட்டங்கள். அவற்றைப் புரொசசர்களுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றும் தன் எல்லை நீர்மட்டத்தைப் பக்கத்துப் புரொசசருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். 2014இல் பாலம் திறக்கும் வரை மண்முனைத் துறையில் எத்தனை வாகனம் வந்து நின்றாலும், பாதையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். 1967இல் ஜீன் அம்டால் சொன்னதும் இதைத்தான்: கணக்கில் 5 வீதம் ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே நடக்குமென்றால், எத்தனை ஆயிரம் புரொசசர் போட்டாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. இது தெரியாதவர் கிளவுடில் டொலரை எரிப்பார். தெரிந்தவர்தான் என்ஜினியர்.

அந்த அறிவுக்கு முதலில் கிளவுட் தேவையே இல்லை. லினக்ஸ், சி அல்லது போர்ட்ரான், புரொசசர்கள் தமக்குள் பேச எம்.பி.ஐ. — மூன்றும் இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். 1994இல் நாசாவில் முதல் ‘பேவுல்ப்’ கிளஸ்டரைக் கட்டியதே சாதாரண கொம்பியூட்டர்கள் 16ஐ இணைத்துத்தான். வந்தாறுமூலைக் கம்பசில் கணிதமும் பௌதிகமும் படிக்கிறவர்கள் இரண்டு லப்டொப்பைக் கேபிளால் இணைத்து இந்தக் கிழமையே தொடங்கலாம். கிளவுட் கடைசிப் படி.

‘இதால சோறு வருமா?’ எண்டு வீட்டில கேப்பாங்க. வானிலை எதிர்வுகூறல், கார் மோதல் பரிசோதனை, செயற்கை நுண்ணறிவு எல்லாம் இந்தக் கணிமையில்தான் ஓடுகின்றன. அங்கே வேலை கொடுப்பவர் கேட்பது, நீ எதை ஓட்டினாய், எங்கே நேரம் மிச்சம் பிடித்தாய் என்றுதான். எங்கட வாவியைக் கணக்குப் பார்த்தவரிடம் பதில் இருக்கும். சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர் என்ன சொல்வார்?